மஸ்டாங் ஜிடி காருக்குக் குளிர்காற்று இன்டேக் தேர்ந்தெடுத்தல்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் முதலில் கைவைக்கும் இடம் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் பெட்டிதான். இஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஸ்க்ரூட்ரைவரும் சாக்கெட் செட்டும் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்துவிடும். கம்பெனி ஃபிட்டிங்காக வந்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி வெளியே போகும். பருத்த குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் கொண்ட குளிர்காற்று இன்டேக் உள்ளே வரும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சத்தம் மாறியிருப்பது தெரியும். சத்தம் கூடியதால் சக்தியும் கூடிவிட்டது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பு அளவுகோலுக்கு முன் எவ்வளவு தூரம் நிற்கும், நிற்காவிட்டால் எதைப் பார்த்து வாங்குவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எடுத்துக்கொண்ட கார், 2015 முதல் 2017 வரையிலான மாடல்களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 5.0 லிட்டர் ‘கொயோட்டி’ வி8 இஞ்சின், டர்போ கிடையாது, 6,500 ஆர்பிஎம்மில் 435 குதிரைத்திறன். இதற்கென விற்கப்படும் இன்டேக் வகைகள் ஏராளம் என்பது ஒரு காரணம். உள்ளே வரும் காற்றை எடைபோடும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இதில் இருப்பது இன்னொன்று. வாங்குபவர்கள் ஏமாறும் இடம் அந்தச் சென்சாரைச் சுற்றியே இருக்கிறது. டர்போ கார்களில் காற்றைச் சூடாக்குவது முதன்மையாகக் கம்ப்ரசர், குளிர்விப்பது இன்டர்கூலர். அந்தக் கணக்கு வேறு என்பதால் அவை இங்கே விடப்பட்டுள்ளன.

2. நற்பெயரின் பிறப்பு

குளிர்காற்று இன்டேக்குக்கு நல்ல பெயர் வாங்கித் தந்ததில் பழைய மஸ்டாங்குக்கும் பங்கு உண்டு. 1979 முதல் 1993 வரை வந்த ‘ஃபாக்ஸ் பாடி’ மஸ்டாங்கில் முன் ஃபெண்டருக்குள் ஒரு சைலன்சர் ஒளிந்திருந்தது. காற்று அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் ஃபில்டருக்கு வரவேண்டும். அதைக் கழற்றி எறிவது காசு செலவில்லாத முதல் மாற்றமாக அந்தக் காலத்து மஸ்டாங்காரர்களிடம் பரவியது. பிறகு ஃபெண்டருக்குள் நேராகக் கூம்பு ஃபில்டரை வைக்கும் செட்டுகள் கடைக்கு வந்தன. 5.0 மாடல்கள் 1988இல் கலிஃபோர்னியாவிலும் 1989இல் நாடு முழுவதும் மாஸ் ஏர் முறைக்கு மாறின. அதன் பின் இன்ஜெக்டரின் அளவுக்கேற்பப் ‘பொய் சொல்லப் பழக்கிய’ காற்றளவு மீட்டர்கள்கூடத் தனியாக விற்கப்பட்டன.

அன்றைய பெட்டியின் குறை உண்மையானது. அதை நீக்கியதால் கிடைத்த பலனும் உண்மையானதே. 2015ஆம் ஆண்டுக் காரின் பெட்டிக்கு அந்தப் பழியைச் சுமத்துவதுதான் நியாயமில்லை. அது காரின் முகப்பிலிருந்து, ரேடியேட்டரின் சூடு படாத காற்றை எடுக்கிறது. குளிர்காற்று இன்டேக் என்று கடையில் விற்பதன் முதல் பாதியைக் கார் கம்பெனியே செய்து கொடுத்திருக்கிறது.

3. காற்றின் கணக்கு

3.1 அளவும் வேகமும்

நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. சிலிண்டர்கள் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், 5 லிட்டர் இஞ்சின் 6,500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 16,250 லிட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 270 லிட்டர் குடிக்கும். 80 மில்லிமீட்டர் குழாயில் இந்தக் காற்று நொடிக்கு 54 மீட்டர் வேகத்தில் போகிறது. கிட்டத்தட்ட மணிக்கு 194 கிலோமீட்டர். முழு த்ராட்டிலில், உச்ச ஆர்பிஎம்மில், கார் ஓடும் வேகத்தைவிடக் குழாய்க்குள் காற்று பெரும்பாலும் வேகமாகவே ஓடுகிறது.

இதிலிருந்து ஒரு முடிவு உடனே கிடைக்கிறது. அறுபது சென்டிமீட்டர் நீளக் குழாயை அந்தக் காற்று நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடுகிறது. அதற்குள் குழாயின் சுவர் அதைச் சூடாக்கப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அலுமினியமா, பிளாஸ்டிக்கா, கார்பன் ஃபைபரா என்று நடக்கும் வாக்குவாதம் முழு த்ராட்டிலில் பொருளற்றது. கார்பன் ஃபைபருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கண்ணுக்குப் போகிறது, இஞ்சினுக்குப் போகவில்லை.

3.2 வெப்பம்

குழாய்ச் சுவரைவிட முக்கியமானது குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பது. வெளியே 30 டிகிரி செல்சியஸ். பானெட்டுக்குள் நின்றுபோன காற்று 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தனிவெப்ப அளவில் 303க்கு 333. சூடான காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறைவு. ஆனால் சக்தி அதே ஒன்பது சதவீதம் குறைவதில்லை. குளிர்ந்த காற்றும் இன்டேக் போர்ட்டிலும் சிலிண்டரிலும் சூடாகவே செய்கிறது. அதிகக் குளிர்ந்தது அதிகமாகச் சூடேறும். இதனால்தான் இஞ்சின் சக்தியைத் திருத்தும் எஸ்ஏஇ ஜே1349 வாய்பாடு வெப்பநிலையை நேர் விகிதமாக எடுக்காமல் அதன் வர்க்கமூலத்தை எடுக்கிறது. அந்த வாய்பாட்டின்படி இந்த முப்பது டிகிரிக்கு இழப்பு ஐந்து முதல் ஆறு சதவீதம். அதற்கு மேல், காற்று சூடேறினால் நாக் (சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிப்பது) வராமலிருக்க இஞ்சின் கணினி இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். அது தனி இழப்பு.

435இல் ஐந்து சதவீதம் என்றால் 22 குதிரை. திறந்த கூம்பு ஃபில்டரை இஞ்சின் அறைக்குள் அப்படியே தொங்கவிடும் ‘ஷார்ட் ராம்’ வகை, சிக்னலில் நின்று புறப்படும்போது இந்த 22 குதிரையைத்தான் கைவிடுகிறது. கார் வேகமெடுத்து அறைக்குள் காற்றோட்டம் வந்தபின் நிலைமை சீராகும். ஆனால் நகரத்தில் ஓட்டுகிறவருக்கு அந்தச் சீரான நிலை எத்தனை தடவை வாய்க்கும்?

இதைச் சோதிப்பது எளிது. 1996 மாடல் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் ஓபிடி-2 சாக்கெட் உண்டு. மலிவான ரீடர் ஒன்றைச் சொருகினால் இன்டேக் காற்றின் வெப்பநிலை போனில் தெரியும். வெளி வெப்பநிலையைவிட ஓட்டத்தில் நாலைந்து டிகிரிக்குள் இருந்தால், அந்தக் காரில் குளிர்காற்று ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் வாங்க ஒன்றுமில்லை.

3.3 தடை

இரண்டாவது கணக்கு, உறிஞ்சும் பாதையில் ஏற்படும் அழுத்தக் குறைவு. இக்கட்டுரையாளரின் கருத்தில் தேர்வின் நடுநாயகம் இதுதான். விற்பனைத் தாள்களில் இது பெரும்பாலும் இருப்பதில்லை.

இதை அளக்க, யு வடிவில் வளைத்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஓஸும் நிறமேற்றிய தண்ணீரும் போதும். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே குழாயில் இணையும் பிரீதர் ஓஸில் ஒரு ‘டி’ சேர்த்து, அதிலிருந்து மெல்லிய ஓஸைக் காருக்குள் கொண்டுவந்து யு-வின் ஒரு கையோடு இணைக்கவேண்டும். மறு கை திறந்திருக்கும். யு-வின் கைகள் அரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் தண்ணீரை இஞ்சின் குடித்துவிடும். மூடிய ட்ராக்கில், மூன்றாம் கியரில், முழு த்ராட்டிலில் உச்ச ஆர்பிஎம் வரை போகும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவர் இரு கைகளின் மட்ட வித்தியாசத்தைப் படிக்கவேண்டும். ஓட்டுகிறவர் படிக்கக் கூடாது.

பத்து சென்டிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் வளியழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சதவீதம். யு-வில் இருபது சென்டிமீட்டர் வித்தியாசம் தெரிந்தால், ஃபில்டர், பெட்டி, குழாய் எல்லாவற்றையும் அப்படியே தூக்கி எறிந்து த்ராட்டிலை வெறும் வாயாக வைத்தாலும் தடை குறைவதால் கிடைக்கக்கூடியது இரண்டு சதவீதம்தான், 435இல் 8.7 குதிரை. ஃபில்டர் இல்லாமல் எவரும் ஓட்டுவதில்லை. ஆகவே உண்மைப் பலன் அதிலும் ஒரு பகுதியே. டப்பாவின் மேல் 25 குதிரை என்று அச்சிட்டிருந்தால், மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் உரிமையை இந்தத் தண்ணீர்க் குழாய் நமக்குக் கொடுக்கிறது. கேட்டால், கூடவே வரும் ட்யூன் என்று பதில் வரும். டைமிங்கும் எரிபொருள் கலவையும் மாற்றப்படுகின்றன. உயர் ஆக்டேன் பெட்ரோலும் போடச் சொல்லப்படுகிறது. குதிரைகளில் பெரும்பங்கு அந்த மென்பொருளின் வேலை.

எதிர்க்காற்றை வாயில் பிடித்து உள்ளே தள்ளும் ‘ராம் ஏர்’ பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் 0.46 கிலோபாஸ்கல், அரை சதவீதம்கூட இல்லை. 200 கிலோமீட்டரில் 1.85. ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் கணக்கில் எடுக்கலாம்.

4. சென்சாரும் குழாயின் விட்டமும்

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக், அதன் நடுவே ஒரு சிறு சந்து, சந்துக்குள் மயிரிழை போன்ற கம்பி அல்லது மெல்லிய படலம். மின்சாரம் அதைச் சூடாக வைத்திருக்கிறது. ஓடும் காற்று குளிர்விக்கிறது. சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதிலிருந்து எவ்வளவு காற்று போகிறது என்று கணினி முடிவு செய்கிறது. அந்தச் சந்து வழியாகப் போவது மொத்தக் காற்றில் மிகச் சிறிய பகுதி. மீதியைக் கணினி ஊகிக்கிறது, குழாயின் விட்டம் மாறவில்லை என்ற நம்பிக்கையில்.

இப்போது 80 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 90 மில்லிமீட்டர் குழாய் வைக்கிறோம் என்று கொள்வோம். குறுக்குப் பரப்பு 1.27 மடங்காகிறது. அதே காற்று, சென்சாரின் முன் 21 சதவீதம் மெதுவாகப் போகிறது. சென்சார் அதற்கேற்பக் குறைத்துச் சொல்கிறது. கணினியும் எரிபொருளைக் குறைக்கிறது. கலவை ‘லீன்’ ஆகிறது. மெதுவாக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து ஃப்யூயல் ட்ரிம் வழியாகத் திருத்திவிடும். திருத்தும் எல்லையைத் தாண்டினால் பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகளோடு செக் இஞ்சின் விளக்கு எரியும். விளக்கு எரிவது நல்லது என்றே சொல்வேன். எரியாமல் எல்லைக்குள்ளேயே நின்று, முழு த்ராட்டிலில் மட்டும் கலவை மெலிந்து நாக் வருவதுதான் பிஸ்டனுக்குக் கேடு.

குழாயின் விட்டம் சரியாக இருந்தாலும் போதாது. வளைவுக்கு ஒட்டினாற்போல் சென்சாரை வைத்தால் சுழித்துவரும் காற்று அதன் வாசிப்பை ஆட்டும். ஐட்லிங்கில் இஞ்சின் ஏறி இறங்கும். காற்றை நேராக்கும் வலை கம்பெனிக் குழாயில் இருந்து புதியதில் இல்லாவிட்டாலும் இதே தொல்லை. நல்ல தயாரிப்பில் சென்சார் உட்காரும் பகுதி கம்பெனி விட்டத்திலேயே இருக்கும். அதற்கு முன்னும் பின்னும்தான் குழாய் பருக்கும். ‘ட்யூன் தேவையில்லை’ என்று விற்கப்படுபவை இந்த வகை. ‘ட்யூன் அவசியம்’ என்று எழுதியிருப்பவற்றில் அந்தப் பகுதியே பெரிது. இந்த இரண்டாவது வகையை வாங்கி, ட்யூனுக்கான பணத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுவது, மருந்துச் சீட்டைப் பாதி மட்டும் வாங்குவதற்குச் சமம்.

மாட்டியபின் பார்க்கவேண்டியது லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம். பழைய பெட்டியோடு என்ன எண் இருந்தது என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களுக்கே இது பயன்படும்.

5. பெட்டியும் ஃபில்டரும்

ஃபில்டரைச் சுற்றியுள்ள தடுப்புப் பெட்டியைப் பற்றி விளம்பரங்களில் அதிகம் பேச்சில்லை. கூம்பு ஃபில்டரை மூன்று பக்கம் மறைத்து, மேல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, பானெட்டை மூடும்போது அது அமுங்கி மூடும்படி செய்திருப்பார்கள். அந்தப் பட்டை முழுச் சுற்றுக்கும் பானெட்டைத் தொடுகிறதா என்று அறிய விளிம்பில் சுண்ணாம்புத் தூள் தடவி பானெட்டை ஒருமுறை மூடித் திறந்தால் போதும். தொட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். கோடு அறுந்த இடத்தில் சூடான காற்று நுழைகிறது. மூடியோடு கூடிய முழுப் பெட்டி இதைவிட மேல். சத்தம் சற்றுக் குறையும், வெப்பமும் குறையும்.

ஃபில்டரில் இரண்டு கட்சி. எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஒன்று. 1969இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. எண்ணெய் இல்லாத செயற்கை இழை மற்றது. பருத்தி வகையைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் கழுவியபின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டால் அது காற்றோடு போய் அந்த மயிரிழைக் கம்பியில் படியும். தூசும் அதில் ஒட்டும். சென்சார் தவறாக வாசிக்கும். பெரும்பாலான சமயங்களில் குற்றம் கைப்பக்குவத்தில்தான். கைப்பக்குவத்தில் நம்பிக்கை இல்லாதவர் உலர்ந்த வகையை வாங்கலாம். வடிகட்டும் திறனை ஒப்பிட ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனை முறை இருக்கிறது: எவ்வளவு தூசைப் பிடிக்கிறது, எவ்வளவு தடை தருகிறது, நிரம்பும் வரை எவ்வளவு தாங்குகிறது. மூன்று எண்களையும் சேர்த்துக் கொடுக்காமல் காற்றோட்டத்தை மட்டும் பெருமையாகப் போடும் தாளை ஒதுக்கிவிடலாம். ஓட்டை பெரிதானால் காற்றும் தாராளம், தூசும் தாராளம்.

மைலேஜ் கூடும் என்ற வாக்குறுதியும் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் அடைபட்ட ஃபில்டர்களை வைத்தே இதைச் சோதித்தது. கணினி எரிபொருளைக் கட்டுப்படுத்தும் கார்களில் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, முடுக்கம்தான் குறைந்தது. சாதாரண ஓட்டத்தில் த்ராட்டில் தானே பாதி மூடிக்கிடக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் சிறு தடை கணக்கில் வராது.

தாழ்வாக, ஃபெண்டருக்குக் கீழே ஃபில்டரை இறக்கும் வகைகளில் குளிர்காற்று நிச்சயம் கிடைக்கும். தேங்கிய நீரும் கிடைக்கும். நீர் சிலிண்டருக்குள் போனால் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். மழைக்காலத்தில் சாலையில் ஓட்டும் காருக்கு இந்த வகை வேண்டாம்.

6. சத்தம்

கம்பெனிக் குழாயில் பக்கவாட்டில் முளைத்திருக்கும் அர்த்தமில்லாதவை போன்ற பிளாஸ்டிக் அறைகள் ரெசனேட்டர்கள். குறிப்பிட்ட அலைவரிசைச் சத்தத்தை விழுங்குவது அவற்றின் வேலை. அவற்றை நீக்கினால் சத்தம் வெளியே வரும். கூடவே அழுத்த அலைகளின் ஒழுங்கும் மாறுவதால், சில ஆர்பிஎம்மில் இழுவை சற்றுக் கூடி வேறு சிலவற்றில் குறையலாம். வேடிக்கை என்னவென்றால், இந்த மஸ்டாங்கில் இன்டேக் சத்தத்தைக் காருக்குள் கொண்டுவர ஒரு தனிக் குழாயை ஃபோர்டே வைத்திருந்தது. சத்தத்துக்காக இன்டேக் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைக் குதிரைத்திறன் என்று பெயர் மாற்றிச் சொல்வதில்தான் தகராறு.

7. சட்டம்

கலிஃபோர்னியாவில் வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு, புகைக் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றும் பொருள்களைத் தடை செய்கிறது. மாநிலக் காற்று வள வாரியமான கார்ப் சோதித்து விலக்கு அளித்தவற்றுக்கு ‘டி’ என்று தொடங்கும் எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் எண் கிடைக்கும். அந்த எண்ணுள்ள ஸ்டிக்கரைப் பானெட்டுக்குள் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்மாக் சோதனையில் கண்ணால் பார்த்தே சரிபார்ப்பார்கள். எண் அந்த வருட, அந்த இஞ்சின் மாடலுக்கு உரியதா என்பதும் முக்கியம். சில கார்களின் ஃபில்டர் பெட்டிக்குள் கரித்தாள் ஒன்று இருக்கும். இஞ்சின் நின்றபின் இன்டேக் வழியே கசியும் பெட்ரோல் ஆவியைப் பிடிப்பதற்கானது. பெட்டியோடு அதையும் தூக்கிப் போடும் இன்டேக்கில்தான் சிக்கல் வரும்.

வாரண்டி பற்றி: 1975இன் மேக்னசன்–மாஸ் சட்டப்படி, வெளிப் பொருள் பொருத்தியதை மட்டும் காரணம் காட்டி முழு வாரண்டியையும் ரத்து செய்ய முடியாது. பழுதுக்கு அந்தப் பொருளே காரணம் என்று காட்டவேண்டும். லீன் கலவையால் பிஸ்டன் போனால் காட்டுவது சுலபம்.

இந்தியாவுக்கு 2016இல் வந்த மஸ்டாங் ஜிடி அதே 5.0 வி8 என்றாலும் 401 பிஎஸ் திறனோடுதான் விற்கப்பட்டது. அமெரிக்கத் தாள்களின் எண்களை அதற்குப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படியான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் உரிமையாளர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

8. டைனோ தாளை வாசித்தல்

விற்பவர் காட்டும் சான்று, சக்தியை அளக்கும் கருவியான டைனோவின் வரைபடம். அதில் முதலில் பார்க்கவேண்டியது திருத்த முறை. எஸ்ஏஇ ஜே1349 என்பது 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் வறண்ட காற்றுக்குத் திருத்துகிறது. ‘எஸ்டிடி’ என்ற பழைய முறை ஏறக்குறைய நான்கு சதவீதம் கூட்டிக் காட்டும். முந்தைய அளவு ஒரு முறையிலும் பிந்தையது மறு முறையிலும் இருந்தால் இல்லாத பதினைந்து குதிரை தாளில் பிறந்துவிடும். பானெட் திறந்திருந்ததா, முன்னால் பெரிய ஃபேன் ஓடியதா என்பது அடுத்த கேள்வி. திறந்த கூம்பு ஃபில்டருக்கு அதைவிடச் சொகுசான இடம் சாலையில் கிடையாது. ஒரே காரை மாற்றமின்றி அடுத்தடுத்து ஓட்டினாலே டைனோவில் ஒன்றிரண்டு சதவீதம் ஆடும். மேலே கணக்கிட்ட உச்ச எல்லையும் அதே இரண்டு சதவீதம்தான். ஒற்றை ஓட்டத்தின் தாளில் எட்டு குதிரை கூடியிருப்பது எதையும் நிரூபிக்காது.

9. தீர்ப்பு

2019 மாடலாக வந்த மஸ்டாங் புல்லிட், அப்போதைய ஜிடியின் 460 குதிரையை 480 ஆக்கியது. அதற்கு ஃபோர்டு திறந்த காற்று இன்டேக்கை மட்டும் வைக்கவில்லை. ஷெல்பி ஜிடி350யின் மேனிஃபோல்டையும் 87 மில்லிமீட்டர் த்ராட்டிலையும் புதிய கணினி ட்யூனையும் சேர்த்தே வைத்தது. நான்கும் சேர்ந்து இருபது குதிரை. இதே வழியில் மேனிஃபோல்டும் ட்யூனும் செய்யப்போகிறவர், அந்த ட்யூனை எழுதுபவர் சொல்லும் பெரிய குழாயை அவரிடமே கேட்டு வாங்கட்டும். சத்தம் வேண்டுபவருக்கு, சென்சார் பகுதி கம்பெனி விட்டத்தில் உள்ள, பானெட்டோடு முழுதாக மூடும் பெட்டியும் தன் மாடலுக்கான கார்ப் எண்ணும் உடைய ‘ட்யூன் தேவையில்லை’ வகை பொருந்தும்; குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் போதும். வேறெதையும் மாற்றாமல் சக்தி மட்டும் வேண்டும் என்பவர், பழைய பெட்டியிலேயே புது ஃபில்டர் போட்டுக்கொண்டு பணத்தை நல்ல டயர்களுக்கு ஒதுக்கலாம்.